வேலை போன சர்வர்களை முதலாளி ஆக்கியவர்! ஏ.கே.கோபாலன் வாழ்க்கைக் கதை

ஓட்டலில் வேலை பார்க்கும் பையன் என்றால் பொண்ணு கொடுக்கவே யோசிப்பார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விடியற்காலை அடுப்பு பற்ற வைத்தால் ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை நின்றுகொண்டே வேலை. தினச் சம்பளம், பேட்டா, மூன்று வேளை சாப்பாடு. உடம்புக்கு முடியாமல் 4 நாள் படுத்தால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். 20 வருஷம் சப்ளை செய்தாலும் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

ஆனால் இந்தியாவில் ஒரு ஓட்டல் கூட்டம் இருக்கிறது. அங்கே காபி கொண்டு வந்து வைப்பவரும் கடைக்குச் சொந்தக்காரர். தோசை ஊற்றுபவரும் சொந்தக்காரர். கல்லாவில் இருப்பவருக்கும் ஒரு ஓட்டு. டேபிள் துடைத்து உறுப்பினர் ஆனவருக்கும் அதே ஒரு ஓட்டு.

அதுதான் இந்தியன் காபி ஹவுஸ்.

கேரளா பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை யூனிபார்ம், இடுப்பில் பட்டை, தலையில் விசிறி மாதிரி விரிந்த தலைப்பாகை. மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் சேர்த்த சிவப்பு மசாலா. புதுச்சேரிக்காரர்களுக்கும் இது புதிதல்ல. நேரு வீதியில் இருந்த காபி ஹவுஸ், 'லைப் ஆப் பை' நாவலின் முன்னுரையிலேயே இடம் பிடித்த கடை.

கேரள காபி ஹவுஸ்களில் சுவரில் ஒரு படம் மாட்டி இருப்பார்கள். அவர்தான் ஏ.கே.கோபாலன். சுருக்கமாக ஏ.கே.ஜி. சாமி படம் மாதிரி அவர் படத்தை ஏன் மாட்டினார்கள்? அந்தக் கதைதான் இது.

வாத்தியார் வேலையை விட்டார்

கேரள மாநிலம் கண்ணூர் அருகே உள்ள பெரளசேரி பகுதிதான் ஏ.கே.ஜி.யின் சொந்த ஊர். 1904-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி பிறந்தார். முழுப்பெயர் ஆயில்யத் குட்டியாரி கோபாலன். அப்போது அந்தப் பகுதி மலபார் மாவட்டம். சென்னை மாகாணத்தோடு சேர்ந்து இருந்தது.

தலச்சேரியில் படித்தார். பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை. அந்தக் காலத்தில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

அவருக்கு அது போதவில்லை. 1927-ம் ஆண்டு காங்கிரசில் சேர்ந்தார். 1930-ல் உப்பு சத்தியாகிரகம் வந்தது. வாத்தியார் வேலையை உதறிவிட்டுப் போராட்டத்தில் குதித்தார். ஜெயிலுக்குப் போனார். அதன் பிறகு அவருக்கு ஜெயில் என்பது மாமியார் வீடு மாதிரி ஆகிவிட்டது.

1931-ம் ஆண்டு குருவாயூர் கோவிலுக்குள் எல்லா சாதியினரும் நுழைய வேண்டும் என்று சத்தியாகிரகம் நடந்தது. தொண்டர் படைக்குத் தலைவர் ஏ.கே.ஜி.தான். கோவில் வாசலில் வைத்து அவரை அடித்து நொறுக்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை.

சென்னைக்கு நடந்தே வந்தார்

1930-களின் நடுவில் உலகம் முழுக்கப் பணமுடை. மலபாரிலும் பட்டினி. வேலை இல்லாதவர்கள் தெருவில் நின்றார்கள். ஏ.கே.ஜி. அவர்களைத் திரட்டினார்.

1936-ம் ஆண்டு கண்ணூரில் இருந்து சென்னைக்குப் பட்டினிப் பட்டாளம் ஒன்று நடந்தே கிளம்பியது. தூரம் சுமார் 750 மைல். கையில் காசு கிடையாது. போகிற ஊரில் மக்கள் போடும் சாப்பாடுதான். அதற்கு தலைமை ஏ.கே.ஜி.

வேலை இல்லாதவனின் வயிற்றுப் பிரச்சினையை மாகாணத் தலைநகரின் வாசலில் கொண்டு வந்து வைத்தது அந்த நடை. பின்னாளில் வேலை போன காபி ஹவுஸ் தொழிலாளிகள் அவரைத் தேடிப் போனதில் ஆச்சரியம் இல்லை. வேலை போனவனோடு சேர்ந்து நடப்பவர் என்று 20 வருஷத்துக்கு முன்பே பேர் எடுத்தவர் அவர்.

வேலூர் ஜெயிலில் இருந்து தப்பினார்

காங்கிரசுக்குள் சோசலிஸ்டு பிரிவில் இருந்த அவர், பிறகு கம்யூனிஸ்டு ஆனார். இரண்டாம் உலகப்போர் நேரம். பிடித்துக்கொண்டு போய் வேலூர் ஜெயிலில் போட்டார்கள். 1941-ம் ஆண்டு அங்கிருந்து தப்பி ஓடினார். பல வருடம் தலைமறைவு வாழ்க்கை.

1947 ஆகஸ்டு 15-ந்தேதி. நாடே கொடி ஏற்றிக் கொண்டாடியது. ஏ.கே.ஜி. அன்றைக்குக் கண்ணூர் ஜெயிலில் இருந்தார். அக்டோபரில் வெளியே வந்தவரை டிசம்பரில் மறுபடியும் பிடித்துவிட்டார்கள்.

விசாரணை இல்லாமல் என்னை எப்படி அடைத்து வைக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாகாணம் என்ற அந்த வழக்கில் 1950-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் முதலில் படிக்கும் வழக்குகளில் அதுவும் ஒன்று.

1952-ம் ஆண்டு நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் கண்ணூரில் நின்று ஜெயித்தார். அதே ஆண்டில் சுசீலாவைத் திருமணம் செய்துகொண்டார். பாராளுமன்றத்தில் கம்யூனிஸ்டு எம்.பி.க்களின் தலைவர் ஆனார். பிரதமர் நேருவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்த முக்கியமான குரல் அவருடையது.

விற்காத காபிக்கு ஒரு கடை

இனி காபி கதைக்கு வருவோம்.

1930-களில் நம் நாட்டில் விளைந்த காபி கொட்டையை வாங்க வெளிநாட்டில் ஆள் குறைந்தது. தோட்டக்காரர்கள் தலையில் துண்டு. உள்ளூர் ஜனங்களைக் காபி குடிக்க வைத்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை. 1935-ல் காபிக்குத் தீர்வை போட சட்டம் வந்தது. அந்தப் பணத்தில் விளம்பரம் செய்ய ஒரு கமிட்டி அமைத்தார்கள்.

அந்தக் கமிட்டிதான் 1936-ம் ஆண்டு பம்பாய் சர்ச்கேட் பகுதியில் ஒரு காபி கடை திறந்தது. பெயர் இந்தியா காபி ஹவுஸ். நல்ல காபி, குறைந்த விலை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கூட்டம் அள்ளியது. 1940-களில் நாடு முழுக்க சுமார் 50 கடைகள் ஆகிவிட்டன. அப்போது அவற்றை நடத்தியது காபி வாரியம்.

கல்கத்தாவில் கல்லூரி மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அதுதான் வீடு. டெல்லியில் அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அதுதான் திண்ணை.

வாரியத்தின் கடை என்பதால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. மற்ற ஓட்டல் தொழிலாளியோடு பார்த்தால் அது நல்ல வேலைதான். தொழிற்சங்கமும் இருந்தது.

தலையில் விழுந்த இடி

1950-களின் நடுவில் வாரியம் கொள்கையை மாற்றியது. கடை நடத்துவது நம் வேலை இல்லை என்று ஒதுங்க ஆரம்பித்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகளை மூடினார்கள். ஆட்களுக்குக் கணக்கு முடித்தார்கள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 15, 20 வருஷம் தட்டு தூக்கிய ஆள். வேறு தொழில் தெரியாது. வேறு ஓட்டலுக்குப் போனால் முதல் நாளில் இருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். பெண்டாட்டி, பிள்ளை ஊரில் மணியார்டருக்குக் காத்து இருப்பார்கள்.

தொழிலாளர்கள் போராட்டம் நடத்தினார்கள். அவர்களுக்குப் பக்கபலமாக நின்றவர் ஏ.கே.ஜி. டெல்லியில் எம்.பி. என்பதால் அரசாங்கத்தின் கதவைத் தட்டுவதற்கும் அவரால் முடிந்தது.

இங்கேதான் அவர் வேறு மாதிரி யோசித்தார். வழக்கமாகத் தொழிற்சங்கத் தலைவர் என்ன கேட்பார்? மூடாதே என்பார். நஷ்டஈடு கொடு என்பார். அதை வாங்கிக் கொடுத்தாலே பெரிய வெற்றி என்று மாலை போடுவார்கள். ஆனால் நஷ்டஈடு எத்தனை மாதம் வரும்?

ஏ.கே.ஜி. காட்டிய வழி, கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பதுதான். காபி போடத் தெரிந்தவர் அவர்களிடமே இருக்கிறார். பரிமாறத் தெரிந்தவர் இருக்கிறார். கணக்கு எழுதத் தெரிந்தவரும் இருக்கிறார். வாடிக்கையாளர் முகம் தெரியும். இல்லாதது ஒன்றுதான். முதலாளி! அவர் எதற்கு?

ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு கூட்டுறவு சங்கம் அமைப்பது. கடைகளை அந்தச் சங்கம் நடத்துவது. இதுதான் திட்டம்.

எளிதாக நடந்த காரியம் இல்லை. சர்வர்களால் ஓட்டல் நடத்த முடியுமா என்ற சந்தேகம் பலருக்கு. தொழிலாளிகளுக்கே பயம். நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? தட்டு தூக்கிய கை கல்லாவில் நேர்மையாக இருக்குமா? போராட்டத்துக்குப் பிறகு, கடைகளைத் தொழிலாளர்களிடம் ஒப்படைக்க காபி வாரியம் சம்மதித்தது.

சர்வர்களின் சங்கம் பிறந்தது

1957-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந்தேதி பெங்களூரில் முதல் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் டெல்லியிலும் சங்கம் வந்துவிட்டது. இந்தியா காபி ஹவுஸ் என்ற பெயர் இந்தியன் காபி ஹவுஸ் ஆனது. பெயரில் கூடியது ஒரே எழுத்து. ஆனால் கடை கை மாறியது, முதலாளி மாறினார்!

அடுத்து கேரளா. வாரியத்தில் வேலை இழந்தவரும் தொழிற்சங்கக்காரருமான என்.எஸ்.பரமேஸ்வரன் பிள்ளை போன்றவர்கள் அங்கே ஓடி ஓடி வேலை பார்த்தார்கள். 1958-ம் ஆண்டு மார்ச் 8-ந்தேதி திருச்சூரில் கேரளாவின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் ஏ.கே.ஜி. அதே ஆண்டில் கண்ணூர் சங்கமும் உருவாகி, தலச்சேரியில் கடை திறந்தது. ஏ.கே.ஜி. படித்த அதே தலச்சேரி!

1958 முடிவதற்குள் புதுச்சேரி, கல்கத்தா, லக்னோ, நாக்பூர், ஜபல்பூர், புனே என்று பல ஊர்களில் சங்கங்கள் கடை போட்டுவிட்டன.

கல்கத்தாவில் கல்லூரித் தெரு கடையை 1958-ல் மூடிவிட்டார்கள். பேராசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. மனு மேல் மனு போட்டார்கள். அதே ஆண்டில் கடை திறந்தது.

நாடு முழுவதும் 13 சங்கங்கள் அமைந்தன. கடைகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 400-ஐ நெருங்கியது. ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், அரசு அலுவலகம் என்று சாதாரண ஜனங்கள் போகிற இடமாகப் பார்த்துக் கடை போட்டார்கள். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையம் பக்கத்தில், சுருள் சுருளாக மேலே ஏறும் செங்கல் கட்டிடம் ஒன்று உண்டு. கட்டிடக்கலை நிபுணர் லாரி பேக்கர் வடிவமைத்தது. அதுவும் காபி ஹவுஸ்தான்.

எப்படி நடக்கிறது?

முறை ரொம்ப எளிது. வேலை பார்ப்பவர்களே சங்க உறுப்பினர்கள். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அவர்களே ஓட்டு போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்று தலைவராக இருப்பவர் நேற்று தோசைக்கல் முன்னால் நின்றவராக இருக்கலாம்.

புதிதாக வேலைக்கு வருபவர் கீழ் வேலையில் தொடங்குவார். டேபிள் துடைப்பார், பாத்திரம் கழுவுவார். பிறகு பரிமாறுவார், சமையலுக்குப் போவார். படிப்படியாக மேனேஜர் வரை ஏறலாம். வெளியில் இருந்து ஒருவரைக் கொண்டு வந்து தலைக்கு மேல் உட்கார வைக்கும் பழக்கம் இல்லை.

லாபம் வந்தால் ஒரு தனி ஆளின் பெட்டிக்குப் போகாது. ஒரு பகுதி சங்கத்தின் சேமிப்புக்குப் போகும். ஒரு பகுதி தொழிலாளிக்கு போனசாக வரும். மிச்சத்தில் அடுத்த கடை திறப்பார்கள். மாதச் சம்பளம், பி.எப்., லீவு எல்லாம் உண்டு. தலைப்பாகை கட்டிய சர்வர், டிப்சை நம்பி வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்டல் தொழிலில் பெரிய தலைவலியே ஆள் நிற்காததுதான். இன்று வந்த மாஸ்டர் நாளை பக்கத்துக் கடையில் நிற்பார். காபி ஹவுசில் ஒரே ஆள் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறுவார். கை மாறாததால் ருசி மாறாது. ருசி மாறாததால் வாடிக்கையாளர் மாறுவதில்லை. தொழிலாளிக்கு நல்லது செய்தால் கடை திவாலாகிவிடும் என்பவர்களுக்கு இதுதான் பதில்.

கம்பம் எல்லைக்கு அருகே உண்ணாவிரதம்

காபி ஹவுசோடு ஏ.கே.ஜி. கதை முடியவில்லை. 1961-ம் ஆண்டு இடுக்கி மலையில் குடியிருந்த விவசாயக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். நம்ம கம்பத்துக்கு மேலே குமுளி இருக்கிறது அல்லவா, அதன் பக்கத்தில் அமராவதி என்ற இடத்தில் கொண்டு போய் இறக்கிவிட்டார்கள். கொட்டும் மழை. தலைக்கு மேல் கூரை இல்லை. ஏ.கே.ஜி. அங்கேயே போய் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நாடே திரும்பிப் பார்த்தது.

1957, 1962, 1967 ஆகிய தேர்தல்களில் காசர்கோட்டில் ஜெயித்தார். 1971-ல் பாலக்காட்டில் ஜெயித்தார். முதல் தேர்தலையும் சேர்த்தால் 5 முறை எம்.பி. 1964-ல் கட்சி உடைந்தபோது மார்க்சிஸ்டு கட்சிப் பக்கம் போனார். 1967-ல் அவரது மனைவி சுசீலாவும் எம்.பி. ஆனார். கணவன், மனைவி இரண்டு பேரும் ஒரே சபையில் உட்கார்ந்தார்கள்.

கடையை இடித்தார்கள்

1975-ம் ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. எதிர்த்துப் பேசினால் ஜெயில். ஏ.கே.ஜி.யையும் பிடித்து, பிறகு விட்டார்கள். அந்த ஜூலையிலேயே பாராளுமன்றத்தில் எழுந்து நின்று நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பேசினார்.

அந்த நேரத்தில் டெல்லி கன்னாட் பிளேஸ் காபி ஹவுசும் தப்பவில்லை. அங்கே உட்கார்ந்து ஜனங்கள் அரசியல் பேசினார்கள். 1976-ம் ஆண்டு அந்தக் கடையை இடித்துத் தள்ளினார்கள். ஆனாலும் சங்கம் சாகவில்லை. மோகன்சிங் பிளேஸ் கட்டிடத்தின் மாடியில் மறுபடியும் அடுப்பு பற்ற வைத்தார்கள்.

1977 மார்ச் 21-ந்தேதி நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. மறுநாள் மார்ச் 22-ந்தேதி திருவனந்தபுரத்தில் ஏ.கே.ஜி. உயிர் பிரிந்தது. வயது 72.

குறையே இல்லையா?

உண்டு. சங்கம் என்றால் சண்டையும் இருக்கும். நிர்வாகத் தகராறு, கோர்ட்டு வழக்கு எல்லாம் வந்தது. வட மாநிலங்களில் பல கடைகள் நலிந்தன. பெருநகரங்களில் வாடகை ஏறியது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் பல்லாண்டு காலம் இருந்த கடையை 2009-ல் காலி செய்துவிட்டு சர்ச் தெருவுக்கு மாறினார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது எல்லா ஓட்டல்களைப் போல இவர்களும் அடி வாங்கினார்கள்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. 1957-ல் சர்வர்களால் ஓட்டல் நடத்த முடியுமா என்று கேட்டார்கள். 60 வருஷத்துக்கு மேல் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

நம்ம ஊர் ஓட்டல் தொழிலாளிக்கு

கடையில் வேலை பார்ப்பவர் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வரவே கேரளாவில் 2018-ம் ஆண்டும், தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டும் ஆனது. உட்காருவதற்கே இவ்வளவு காலம்! வேலை உத்தரவு, பி.எப்., வார லீவு எல்லாம் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

எல்லா ஓட்டலும் கூட்டுறவு ஆகிவிடப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தட்டு தூக்குவது கேவலமான வேலை அல்ல. அந்த வேலைக்கு நிரந்தரமும், ஓய்வும், மேலே ஏற வழியும், நிர்வாகத்தில் ஒரு குரலும் இருந்தால் அதுவும் கவுரவமான உத்தியோகம்தான். வேலை போன சில நூறு பேரை வைத்து ஏ.கே.ஜி. அதைக் காட்டிவிட்டுப் போனார்.

டெல்லியில் அவரது கட்சித் தலைமை அலுவலகத்துக்கு ஏ.கே.ஜி. பவன் என்று பெயர். திருவனந்தபுரத்தில் ஏ.கே.ஜி. சென்டர் இருக்கிறது. ஆனால் அவருக்கு நிஜமான நினைவுச் சின்னம் காபி ஹவுஸ் மேஜையில் ஆவி பறக்க வந்து உட்காரும் அந்த வெள்ளைக் கோப்பைதான்.

அடுத்த தடவை கேரளா போனால் ஒரு காபி குடித்துப் பாருங்கள். கொண்டு வந்து வைப்பவரை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அவர்தான் முதலாளி!